டாரட் சீட்டு விரிப்பு: கேள்வி எழுதுவதிலிருந்து குறிப்பேடு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

டாரட், அதாவது 78 படச்சீட்டுகளை வைத்துக் குறி பார்க்கும் முறையை, கற்றுக்கொள்ள வருபவர்களில் பெரும்பாலானவர்கள் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். சீட்டுகளின் பொருளை மாதக்கணக்கில் மனப்பாடம் செய்திருப்பார்கள். மூன்று சீட்டை வரிசையாக மேசையில் வைத்ததும் பேச்சு நின்றுவிடும். ஒவ்வொன்றுக்கும் பொருள் தெரியும். மூன்றும் சேர்ந்து என்ன சொல்கின்றன என்பது தெரியாது. அகராதியைக் கரைத்துக் குடித்தவருக்கும் கடிதம் எழுத வராது அல்லவா, அந்தக் கதைதான்.

விரிப்பு என்பது சீட்டுகளை வைக்கும் இடங்களின் ஏற்பாடு. ஒவ்வோர் இடமும் ஒரு சிறு கேள்வி. அங்கே விழும் சீட்டை அந்தக் கேள்விக்கான பதிலாக மட்டும் படிக்க வேண்டும். ஆகவே சீட்டுகளின் பொருளை இங்கே நான் பட்டியலிடப் போவதில்லை. கட்டோடு வரும் சிறு புத்தகமே அதற்குப் போதும். வேலையை எந்த வரிசையில் செய்வது, எங்கே தவறுகிறோம் என்பதுதான் இங்கே பேச்சு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீட்டுக்கு எதிர்காலம் தெரியும் என்று நான் நினைக்கவில்லை. கிளி எடுத்துப்போடும் சீட்டைப் போல இதுவும் கலைத்ததில் தற்செயலாக வருவதுதான். ஆனால் அப்படி வந்த ஒரு படத்தை நம் சிக்கலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, செக்குமாடு போலச் சுற்றிக்கொண்டிருந்த மனம் கொஞ்சம் தடம் மாறுகிறது. எனக்கு அதுவே போதும். சீட்டுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புபவர்களுக்கும் கீழே உள்ள வரிசை அப்படியே பொருந்தும்.

1. கட்டும் மேசையும்

முதல் கட்டு வாங்கும்போது எல்லாச் சீட்டிலும் ஒரு காட்சி வரையப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 1909இல் லண்டனில் வெளியான, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த ரைடர்–வெயிட் கட்டும் அதன் வழியில் வந்தவையும் அப்படிப்பட்டவை. மார்செய் என்னும் பழைய பிரெஞ்சு வகைக் கட்டுகளில் கோப்பை ஐந்து என்றால் ஐந்து கோப்பைகள் மட்டுமே இருக்கும். மனிதரோ நிகழ்வோ இருக்காது. தொடக்கத்தில் படத்தைப் பார்த்துத்தான் பேசப்போகிறோம் என்பதால் அது சிரமம். நான் கீழே சொல்லும் படங்கள் எல்லாம் ரைடர்–வெயிட் கட்டில் உள்ளவை.

கட்டைப் பிரித்ததும் எண்ணுங்கள். ஸ்டார், சன், டெத் போலத் தனிப்பெயர் கொண்ட மேஜர் ஆர்கானா 22, இனங்களாகப் பிரிந்த மைனர் ஆர்கானா 56, மொத்தம் 78 இருக்க வேண்டும். வெற்றுச் சீட்டோ விளம்பரச் சீட்டோ கூடுதலாக இருந்தால் எடுத்துவிடுங்கள். ஒருவர் மூன்று வாரம் அதையும் சேர்த்துக் கலைத்து, வெற்றுச் சீட்டு வந்த அன்று பயந்துபோய்த் தொலைபேசியில் அழைத்தார்.

மைனர் சீட்டுகளில் கோல், கோப்பை, வாள், காசு என நான்கு இனங்கள், இனத்துக்கு 14. ஒன்று முதல் பத்து வரை எண்கள், அவற்றுக்கு மேல் ஏவலன், வீரன், அரசி, அரசன். கோல் செயலையும் முனைப்பையும் குறிக்கும். கோப்பை உணர்வும் உறவும். வாள் எண்ணமும் சொல்லும். காசு பணம், உடல், உழைப்பு. மனப்பாடம் செய்தே ஆகவேண்டும் என்றால் இந்த நான்கு மட்டும் போதும்.

வழக்கமான சீட்டு ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் அகலமும் 12 சென்டிமீட்டர் உயரமும் இருக்கும். பத்துச் சீட்டு விரிப்புக்கு அரை மீட்டரைவிடச் சற்றுப் பெரிய சதுர இடம் தேவை. இடம் போதாமல் சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கினால் படம் மறைந்துவிடும், எது எந்த இடம் என்பதும் குழம்பும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். காற்றில் பறந்த சீட்டுக்கும் குறி சொல்ல ஆரம்பித்துவிடுவோம்.

ஊதுபத்தி, பட்டுத்துணி, படிகக்கல் எல்லாம் உங்கள் விருப்பம். குறிப்பேடும் பேனாவும் கட்டாயம்.

2. கேள்வியை எழுதுங்கள்

கட்டைத் தொடும் முன் கேள்வி தாளில் இருக்க வேண்டும். மனதுக்குள் வைத்திருந்தால் சீட்டைப் பார்த்ததும் கேள்வி தானாகவே நெளிந்து, வந்த சீட்டுக்கு ஏற்ற வடிவத்தை எடுத்துக்கொள்ளும். வேலை பற்றிக் கேட்டவர் கோப்பை இரண்டு வந்ததும் காதலைப் பற்றிப் பேசத் தொடங்குவது இப்படித்தான்.

“கிடைக்குமா, நடக்குமா, வருவாரா” என்று முடியும் கேள்விகளைத் தவிருங்கள். 78 சீட்டுகளில் எதிலும் ஆம் என்றோ இல்லை என்றோ எழுதப்பட்டிருக்கவில்லை. படத்தைப் பார்த்து ஆம், இல்லை என்று நாமே முடிவுகட்டினால் நம் ஆசையோ பயமோதான் பதில் சொல்கிறது. “இந்த வேலை கிடைக்குமா?” என்பதை “இந்த நேர்காணலுக்குத் தயாராகும்போது நான் எதைக் கவனிக்காமல் விடுகிறேன்?” என்று மாற்றுங்கள். முதல் கேள்விக்குப் பதில் வந்தாலும் நீங்கள் செய்வதற்கு எதுவும் இல்லை. இரண்டாவதற்கு வரும் பதிலை வைத்து நாளைக் காலை ஒரு காரியம் செய்யலாம்.

அடுத்தது, கேள்வியில் எழுவாய் நீங்களாக இருக்க வேண்டும். “அவர் மனதில் என்ன இருக்கிறது?” என்று கேட்பவர்கள்தான் அதிகம். அவர் மனதில் இருப்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும். “அவரோடு பேசுவதற்கு என்னைத் தடுப்பது எது?” என்பது விரிப்புக்கு ஏற்ற கேள்வி.

நோய், வழக்கு, காணாமல்போனவர், கர்ப்பம் ஆகியவை பற்றிச் சீட்டு போடாதீர்கள். மருத்துவரிடமோ வழக்கறிஞரிடமோ போவதைச் சீட்டு ஒரு நாள் தள்ளிப்போட வைத்தாலும் அது பெரிய கேடு. இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

எழுதிய கேள்வியில் “மற்றும்”, “அல்லது” வந்தால் இரண்டு கேள்விகளை ஒரே பொட்டலத்தில் கட்டியிருக்கிறீர்கள். பிரித்துவிடுங்கள்.

3. இடங்களுக்குப் பெயர் வையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை சீட்டு, எந்தச் சீட்டு எந்தக் கேள்விக்கு என்பதைச் சீட்டு எடுக்கும் முன்பே சிறு தாள் துண்டுகளில் எழுதி மேசையில் அந்தந்த இடத்தில் வைத்துவிடுங்கள். முதல் பத்துப் பதினைந்து முறையாவது இப்படிச் செய்ய வேண்டும்.

பெயர் வைக்காமல் எடுத்தால் என்ன ஆகும்? நல்ல சீட்டு தானாக “எதிர்காலம்” ஆகும், கெட்ட சீட்டு “கடந்துபோனது” ஆகும். கைகள் ஏமாற்றுவதில்லை, மனம்தான் இடம் மாற்றி வைக்கிறது. தாள் துண்டு கண்முன்னே இருந்தால் அது நடக்காது.

எல்லோரும் முதலில் கற்பது கடந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்ற மூன்று இடங்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. கடந்தகாலம் உங்களுக்கே தெரியும். எதிர்காலச் சீட்டு வெறும் பயத்தையோ குதூகலத்தையோ கிளப்பிவிட்டுப் போகும். அதற்குப் பதிலாக இந்த மூன்றையும் வையுங்கள்: நிலைமை, தடை, நான் செய்யக்கூடியது. மூன்றாவது இடம் எப்போதும் ஒரு வினையில் முடியும். வழிகாட்டுதல் தேடித்தானே சீட்டெடுக்கிறோம்.

4. தலைகீழ்ச் சீட்டு வேண்டுமா?

முதல் இரண்டு மாதங்களுக்கு வேண்டாம். தலைகீழாக வருவதற்குத் தனிப்பொருள் கொடுத்தால் 78 பொருள் 156 ஆகிறது. எல்லாச் சீட்டையும் ஒரே திசையில் அடுக்கி, கலைக்கும்போது திருப்பாமல் கலையுங்கள். தவறித் தலைகீழாக வந்தால் நேராக்கிவிட்டுப் படியுங்கள்.

பிறகு சேர்த்துக்கொள்ளும்போது, தலைகீழ் என்றால் எதிர்ப்பொருள் என்று எடுக்காதீர்கள். அதே பொருள் அடைபட்டோ வலுவிழந்தோ உள்ளுக்குள்ளோ நடக்கிறது என்று படித்தால் பெரும்பாலும் சரியாக வரும். எந்த முறை என்றாலும் கலைக்கும் முன்பே முடிவெடுங்கள். பிடிக்காத சீட்டு வந்தபின், “இன்று தலைகீழைக் கணக்கில் எடுக்கவில்லை” என்று சொல்லக்கூடாது.

5. கலைத்தல், வெட்டுதல், எடுத்தல்

புதுக்கட்டு வரிசையாக அடுக்கி வரும். ஒழுங்காகக் கலைக்காமல் போட்டால் ஒரே இனச் சீட்டுகள் தொடர்ந்து வரும். “வாளாகவே வருகிறது, ஏதோ கெட்டது” என்று கலங்கியவர்களின் கட்டை வாங்கிப் பார்த்தால் பாதி இன்னும் கடையில் அடுக்கிய வரிசையிலேயே இருக்கும்.

இந்தச் சீட்டுகள் ரம்மிச் சீட்டைவிடப் பெரியவை. இரண்டு பாதியாகப் பிரித்து, வளைத்துச் சரசரவென்று விடும் முறையில் ஓரம் மடங்கிவிடும். மடங்கிய சீட்டை முதுகைப் பார்த்தே அடையாளம் கண்டுவிடுவோம். கை அதைத் தவிர்க்கும், அல்லது தேடும். கையில் வைத்துச் சிறுசிறு கொத்தாக முன்னும் பின்னும் மாற்றிக்கொண்டே மூன்று நான்கு நிமிடங்கள் கலையுங்கள். தலைகீழும் வேண்டும் என்பவர்கள் மேசையில் எல்லாவற்றையும் கவிழ்த்துப் பரப்பி, கோலம் அழிப்பதுபோல் இரு கைகளாலும் சுழற்றலாம்.

கலைக்கும்போது ஒரு சீட்டு துள்ளி விழுந்தால்? சிலர் அதற்குத் தனி மதிப்பு கொடுப்பார்கள். நான் எடுத்து உள்ளே செருகிவிடுவேன். எதைச் செய்தாலும் எல்லா நாளும் அதையே செய்யுங்கள்.

கலைத்ததும் இடக்கையால் வெட்டுவது வழக்கம். எந்தக் கையால் வெட்டினாலும் பிழையில்லை. பிறகு மேலிருந்து வரிசையாக எடுத்து, எல்லாச் சீட்டையும் கவிழ்த்தபடியே அந்தந்த இடத்தில் வையுங்கள். முழுவதும் வைத்த பிறகுதான் முதல் சீட்டைத் திருப்ப வேண்டும். ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே வைத்தால், மூன்றாவது சீட்டைப் பார்த்ததும் “இன்றைக்குச் சரியில்லை” என்று கட்டை மூடிவிடத் தோன்றும். இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நானும் செய்திருக்கிறேன்.

6. முதல் வாரம்: ஒரே சீட்டு

ஏழு நாள், நாளுக்கு ஒரு சீட்டு, காலையில். கேள்வி ஒன்றே: “இன்று எதைக் கவனிக்கலாம்?” சிறு புத்தகத்தைத் திறக்கும் முன், படத்தில் யார் இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள், எங்கே பார்க்கிறார்கள் என்று மூன்று வாக்கியங்கள் எழுதுங்கள். பொருள் பார்ப்பது அதன்பிறகு. இரவில் ஒரு வரி சேருங்கள். வேறெதுவும் வேண்டாம்.

7. மூன்று சீட்டு: ஒரு முழு எடுத்துக்காட்டு

கேள்வி: “இந்த வேலையை விடுவது பற்றி முடிவெடுக்க, நான் எதைப் புரிந்துகொள்ள வேண்டும்?” கேட்டவர் ஒன்பது ஆண்டுகளாக ஒரே அலுவலகத்தில் கணக்கு எழுதுபவர். நிலைமை இடத்தில் காசு எட்டு, தடை இடத்தில் கோப்பை நான்கு, செய்யக்கூடியது இடத்தில் வாள் ஏழு.

முதல் சுற்றில் பொருள் பேசாதீர்கள், படத்தை மட்டும் சொல்லுங்கள். காசு எட்டில் ஒருவன் பலகையில் அமர்ந்து உளியும் சுத்தியலுமாகக் காசில் வடிவம் செதுக்குகிறான்; செய்து முடித்தவை பக்கத்தில் இருக்கின்றன, ஊர் தொலைவில் இருக்கிறது. கோப்பை நான்கில் ஒருவன் மரத்தடியில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். எதிரே மூன்று கோப்பைகள். மேகத்திலிருந்து ஒரு கை நான்காவதை நீட்டுகிறது, அவன் எடுத்துக்கொள்ளவில்லை. வாள் ஏழில் ஒருவன் கூடாரங்களை விட்டு ஐந்து வாள்களை அள்ளிக்கொண்டு, திரும்பிப் பார்த்தபடி நுனிக்காலில் நழுவுகிறான். இரண்டு வாள்கள் பின்னால் நட்டபடி நிற்கின்றன.

இரண்டாம் சுற்றில் இடத்தோடு சேருங்கள். நிலைமை: வேலை கையில் ஊறியிருக்கிறது, ஒரேமாதிரி காசுகளைச் செதுக்கிக்கொண்டிருக்கிறார், ஊர் உலகம் விலகியிருக்கிறது. தடை: வேலை கெட்டதா என்பதைவிட அலுப்புதான் பெரிது, அந்த அலுப்பில் நீட்டப்படும் எதையும் பார்க்கவில்லை. இதைச் சொன்னதும் அவர், “போன மாதம் வேறு பிரிவுக்கு மாறச் சொன்னார்கள், நான் பதிலே அனுப்பவில்லை” என்றார். இப்படி ஒரு செய்தி வெளியே வருவதற்காகத்தான் இந்தப் பாடெல்லாம்.

மூன்றாவது சீட்டில்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்வார்கள். சிறு புத்தகத்தில் வாள் ஏழுக்குத் திருட்டு, வஞ்சகம் என்றெல்லாம் போட்டிருக்கும். “நான் செய்யக்கூடியது” என்ற இடத்தில் திருட்டா? உடனே இன்னொரு சீட்டு எடுக்கக் கை போகும். எடுக்காதீர்கள். கடினமான சீட்டு அறிவுரை இடத்தில் விழுந்தால் படத்தில் நடக்கும் செயலை மட்டும் பிரித்தெடுங்கள். சத்தமில்லாமல் போகிறான். எல்லாவற்றையும் சுமக்கவில்லை, தூக்க முடிந்ததை எடுக்கிறான். இரண்டை விட்டுவிட்டுப் போகிறான். ஆகவே: ஊரெல்லாம் அறிவித்துவிட்டுத் தேடாதே, இங்கே கற்றதில் எதைக் கொண்டுபோகலாம் என்று கணக்கெடு, எதை விட்டுப்போகப் போகிறாய் என்பதையும் எழுது. அப்போதும் பொருந்தவில்லை என்றால், இது “செய்யாதே” என்னும் எச்சரிக்கையா என்று கடைசியாகப் பாருங்கள். எச்சரிக்கையை முதலில் எடுத்தால் எல்லா வாளும் எச்சரிக்கையாகத்தான் தெரியும்.

மூன்றாம் சுற்றில் மூன்றையும் ஒரே வாக்கியமாக எழுதுங்கள். “கைத்திறன் இருக்கிறது, அலுப்பு கண்ணை மறைக்கிறது, வேலையை விடுவதைப் பற்றி யாரிடமும் பேசாமல், முதலில் எதை எடுத்துக்கொண்டு போக முடியும் என்று கணக்கெடுக்க வேண்டும்.” ஒரு வாக்கியத்தில் எழுத வரவில்லை என்றால் இன்னும் சீட்டுகளைத் தனித்தனியாகத்தான் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

8. இரண்டில் ஒன்றைத் தேர்வது

ஐந்து சீட்டு போதும். நடுவில் ஒன்று: இப்போது நான் இருக்கும் நிலை. இடப்பக்கம் இரண்டு: முதல் வழியில் கிடைப்பது, அதற்குக் கொடுக்கும் விலை. வலப்பக்கம் இரண்டு: இரண்டாம் வழிக்கும் அதேபோல. எந்த வழி இடப்பக்கம் என்பதைச் சீட்டெடுக்கும் முன் எழுதிவிடுங்கள்.

இதில் நடக்கும் பிழை மதிப்பெண் போடுவது. “இந்தப் பக்கம் ஸ்டார் வந்திருக்கிறது, அந்தப் பக்கம் வாள் மூன்று, அப்படியானால் இதுதான்.” விலை இடத்தில், நம்பிக்கையைக் குறிக்கும் ஸ்டார் விழுந்தால் நம்பிக்கையைத்தான் விலையாகக் கொடுக்கப்போகிறீர்கள் என்று அர்த்தம். இடத்தின் பெயரைப் படிக்காமல் சீட்டைப் பார்த்தால் இப்படித்தான் தலைகீழாக முடிவெடுப்போம்.

9. பத்துச் சீட்டு: கெல்டிக் சிலுவை

மூன்று சீட்டை இருபது முறையாவது போட்டு எழுதிய பிறகு வாருங்கள். இதை முதல் நாளே முயல்பவர்கள்தான் டாரட்டை விட்டுவிடுபவர்கள்.

நடுவில் முதல் சீட்டு: நிலைமை. அதன்மேல் குறுக்காக இரண்டாவது: எதிர்ப்படுவது. மேலே மூன்றாவது: மனம் நாடும் உச்சம். கீழே நான்காவது: அடித்தளம். பின்பக்கமாகிய இடப்புறம் ஐந்தாவது: கழிந்துகொண்டிருப்பது. முன்பக்கமாகிய வலப்புறம் ஆறாவது: நெருங்கி வருவது. அதற்கும் வலப்பக்கம் ஒரு தூணாகக் கீழிருந்து மேலே நான்கு: ஏழாவது நான், எட்டாவது என் சூழலும் சுற்றியிருப்பவர்களும், ஒன்பதாவது நம்பிக்கையும் பயமும், பத்தாவது இப்படியே போனால் சேரும் இடம்.

மூன்று முதல் ஆறு வரை புத்தகத்துக்குப் புத்தகம் வரிசை மாறும். எது சரி என்று அலையாதீர்கள். ஒன்றைத் தேர்ந்து குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் படமாக வரைந்து வைத்து, அதையே பின்பற்றுங்கள். ரைடர்–வெயிட் கட்டை உருவாக்கிய ஆர்தர் எட்வர்ட் வெயிட் எழுதிவைத்த முறையில், கேட்பவரைக் குறிக்கும் ஒரு சீட்டை முதலில் தேர்ந்து நடுவில் வைத்து, அதன்மேல்தான் முதல் சீட்டு வரும். நான் அதை விட்டுவிட்டேன். அப்படி எடுத்துவைத்த சீட்டு அன்றைக்கு வேறெந்த இடத்திலும் விழ முடியாது. அதுதான் பேச வேண்டிய சீட்டாக இருந்தால்?

குறுக்குச் சீட்டு படுக்கையாக இருப்பதால் நேரா தலைகீழா என்ற கேள்வி இல்லை, நேராகவே படியுங்கள்.

படிக்கும் வரிசைதான் முக்கியம். திருப்பியதும் கண் நேராகப் பத்தாவதுக்கு ஓடும். அதனால் நான் ஒன்பது வரை மட்டும் திருப்பி, பத்தாவதைக் கவிழ்த்தே வைத்திருக்கச் சொல்கிறேன். ஒன்று முதல் பத்து வரை வரிசையாகவும் படிக்காதீர்கள். பத்துக் குட்டிக் கதைகள்தான் மிஞ்சும். இணைகளாகப் படியுங்கள். ஒன்றும் இரண்டும் சிக்கலின் மையம். ஐந்தும் ஆறும் அது நகரும் திசை. மூன்றும் நான்கும் மனதின் மேல்தளமும் அடித்தளமும். இரண்டும் முரண்பட்டால் அங்கே நின்று நேரம் செலவிடுங்கள். ஏழும் எட்டும் நீங்களும் மற்றவர்களும். ஒன்பதாவதை நான்காவதோடு ஒப்பிடுங்கள். பத்தாவதைத் திருப்பியதும் எட்டாவதோடு சேர்த்துப் பாருங்கள்.

ஒரு தோழிக்காகப் போட்டது. கேள்வி: “தனியாக இருக்கும் அம்மாவை என் வீட்டுக்கு அழைத்து வருவதில் நான் எதைக் கவனிக்க வேண்டும்?” முதலாவது கோப்பை ஆறு: பழைய வீட்டின் முற்றத்தில் ஒரு சிறுவன் பூ நிறைந்த கோப்பையை ஒரு சிறுமிக்குக் கொடுக்கிறான். அதன்மேல் குறுக்கே சன்: வெள்ளைக் குதிரையில் குழந்தை, பின்னால் சூரியகாந்திப் பூக்கள். “சன்னா? பிரமாதம்” என்றாள். எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். நல்ல சீட்டு எதிர்ப்படும் இடத்தில் விழுந்தால் அந்த நல்லதே தடையாக நிற்கிறது என்று படிக்க வேண்டும். சின்ன வயது வீட்டின் நினைவு ஒருபக்கம், எல்லாம் நன்றாகிவிடும் என்ற வெளிச்சம் குறுக்கே. செலவு, அறை, இரவில் யார் விழித்திருப்பது என்ற பேச்சையே அந்த வெளிச்சம் எடுக்கவிடவில்லை.

பத்தாவதில் கோல் பத்து: ஒருவன் பத்துக் கோல்களையும் அணைத்துத் தூக்கிக்கொண்டு, முகம் மறைய, குனிந்து நடக்கிறான். முகம் வாடிவிட்டது அவளுக்கு. ஆனால் எட்டாவதில் காசு மூன்று இருந்தது. கட்டடத்துக்குள் கைவினைஞர் ஒருவர், வரைபடத்தோடு இருவர். மூன்று பேர் சேர்ந்து ஒரு வேலை. இப்படியே போனால் சுமை ஒருவர் தலையில். சுற்றியிருப்பவர்களோ பங்கு போடக்கூடியவர்கள். அவளுக்கு இரண்டு அண்ணன்கள். பத்தாவது சீட்டைத் தீர்ப்பாகப் படித்திருந்தால் அண்ணன்கள் பேச்சே வந்திருக்காது.

எண்ணிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. பத்துச் சீட்டில் சராசரியாக மூன்று மேஜர் வருவது இயல்பு. 78இல் 22 அவைதானே. மூன்று வந்ததற்காக “விதியின் கை” என்று பதற வேண்டாம். ஆறு ஏழு வந்தால் கவனியுங்கள். டெத் சீட்டு பத்துச் சீட்டு விரிப்பில் ஏறக்குறைய எட்டு முறைக்கு ஒருமுறை வரும். வாரம் ஒரு விரிப்பு போட்டால் ஆண்டுக்கு ஆறேழு முறை அதைப் பார்ப்பீர்கள். அந்தப் படத்தில் எலும்புக்கூட்டின் குதிரைக்கு அப்பால் இரண்டு கோபுரங்களுக்கிடையே ஒரு சூரியனும் இருக்கிறது. பயத்தில் யாரும் அதுவரை பார்ப்பதில்லை.

அரசன், அரசி, வீரன், ஏவலன் வந்தால் “இது யார், என் மாமனாரா?” என்று ஆள் தேடாதீர்கள். முதலில் அந்தச் சீட்டை உங்கள் போக்காகவே படித்துப் பாருங்கள். வாள் அரசி என்றால் நேராகப் பேசுவது. எட்டாவது இடத்தில் விழுந்தால் மட்டும் மற்றவர்களைப் பற்றி யோசிக்கலாம்.

10. திரும்பப் போடாதீர்கள்

கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளையும் சிவப்பும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சந்நிதியில் வைத்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். நினைத்த நிறம் வராவிட்டால் “குழந்தை சரியாக எடுக்கவில்லை” என்று மறுபடி கட்டச் சொல்லும் பெரியவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சீட்டிலும் அதே ஆசை வரும்.

ஒரு கேள்விக்கு ஒரு விரிப்பு. அடுத்தது குறைந்தது ஒரு மாதம் கழித்து, அல்லது நிலைமை உண்மையிலேயே மாறிய பிறகு. இரண்டாவது முறை போட்டால் இரண்டு பதில் வரும், பிடித்ததை எடுத்துக்கொள்வோம். அதற்குச் சீட்டு தேவையில்லை. விளங்காத சீட்டுக்கு விளக்கமாக மேலே ஒன்று எடுப்பதும் இதே வகைதான். அந்த ஒன்று விளங்காமல் இன்னொன்று, பிறகு இன்னொன்று. ஒருவர் மூன்று சீட்டில் தொடங்கிப் பதினேழில் நின்றதைப் பார்த்தேன். விளங்கவில்லை என்றால் “விளங்கவில்லை” என்று எழுதிவிட்டு மூடுங்கள். இரண்டு நாளில், பஸ்ஸில் போகும்போது விளங்கும்.

11. குறிப்பேடு

தேதி, கேள்வி, இடங்களின் பெயர், வந்த சீட்டு, ஒரு வாக்கியச் சுருக்கம், ஒரு வாரத்துக்குள் செய்யப்போகும் ஒரு காரியம். இவ்வளவுதான். அதே பக்கத்தில் கீழ்ப்பாதியை வெறுமையாக விடுங்கள். முப்பது நாள் கழித்து அங்கே நடந்ததை எழுத வேண்டும். நாள்காட்டியில் அந்தத் தேதியைக் குறித்துவையுங்கள், இல்லாவிட்டால் திரும்பிப் போகவே மாட்டீர்கள்.

கைப்பேசியில் படம் மட்டும் எடுத்து வைப்பது போதாது. படத்தில் சீட்டு இருக்கும், நீங்கள் அன்று அதை எப்படிப் படித்தீர்கள் என்பது இருக்காது. ஒரு மாதம் கழித்துப் பார்க்கும்போது, “அன்றே எனக்குத் தெரியும்” என்று நினைவு சாதிக்கும். எழுதியிருந்தால் சாதிக்க முடியாது. என் முதல் குறிப்பேட்டில் பாதிக்குமேல் தவறாகப் படித்தவை. எந்தச் சீட்டை எப்போதும் பயந்து படிக்கிறேன், எதை எப்போதும் விரும்பிப் படிக்கிறேன் என்பது அதிலிருந்துதான் தெரிந்தது.

தோழியின் பக்கத்தில் மேல்பாதியின் கடைசி வரி: “ஞாயிற்றுக்கிழமைக்குள் இரண்டு அண்ணன்களோடும் பேசுவது.” முப்பது நாள் கழித்துக் கீழ்ப்பாதியில் எழுதியிருந்தாள்: “பேசினேன். பெரிய அண்ணன் பணம் தருகிறார், சின்ன அண்ணன் மாதத்தில் பத்து நாள் பார்த்துக்கொள்கிறார். எல்லாம் ஒத்துவந்தபின் அம்மாவிடம் சொன்னோம். வர மாட்டேன் என்றுவிட்டார்.” அதற்குக் கீழே, சிவப்பு மையில்: “பத்து இடத்தில் ஒன்றில்கூட அம்மாவைக் கேட்கவில்லை.”